பாறையில் காய்ந்த சாராயச் சக்கை

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு அப்பா மட்டும் ஏன் வருவதில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொன்னால் கோபத்தில் கூட்டிச் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஹனூர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷம் நானும் உங்கள் சித்தப்பாவும் மைசூருக்கு வந்தோம். அவன் என் சித்தப்பா மகன். கூடப்பிறந்த தம்பி இல்லாத எனக்கு அவன்தான் தம்பி.

ஊருக்கு வெளியே சாராய ஆலை ஒன்று இருந்தது. ராகியையும் நொய்யையும் வேகவைத்துப் புளிக்கவைத்து, சாராயத்தை வடித்துக்கொண்டு, மிச்சச் சக்கையைக் கொதிக்கக் கொதிக்கப் பள்ளத்தில் கொட்டுவார்கள். மாட்டுக்கு அது நல்ல தீவனம். ஈரமாக விட்டால் மறுநாளே நாறும். காய்ந்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. அதை எடுத்துக்கொள்ள ஆலை மேஸ்திரி எங்கள் இரண்டு பேருக்கும் சம்மதம் கொடுத்தார்.

கோணியில் கட்டி, மேலே கல்லை ஏற்றிப் பிழிவோம். பிறகு பக்கத்துப் பாறையில் விரல் கனத்துக்குப் பரப்பி, காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே நடப்போம். மேலே மொறமொறவென்று இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதனால் குவித்து ஒரு பொழுது விட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். சூடு தட்டினால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம், மறுபடி பரப்ப வேண்டியதுதான். உடம்பு வலித்தாலும் அதில் மட்டும் நாங்கள் சோம்பியதில்லை.

அக்ரஹாரத்தில் ஒரு பால்காரம்மா எங்களிடம் வாடிக்கை. கணவர் இல்லை. இரண்டு பசுக்களை வைத்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதில் ஒன்று சினை. மூட்டையை இறக்கும்போதெல்லாம் ஒன்றே கேட்பார்.

"கை உட்டுப் பாத்தியாப்பா?"

"பாத்தனுங்கம்மா."

அதற்குமேல் அவர் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

ஆடிச் சாரலில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் எழுந்து பாறைக்குப் போனால், மூட்டைகள் வாய் தைத்து வண்டியில் ஏறியிருந்தன.

"சாரல்ல எப்படிடா காஞ்சுது?" என்றேன்.

"நடுவுல நல்ல வெயிலுங்ணா. போர்வைக்குள்ள கெடந்தா வெயிலு எங்க தெரியும்?"

"கை உட்டுப் பாத்தியா?"

"முழங்கை வரைக்கும் உட்டனுங்ணா. எம்மேல நம்பிக்கை இல்லீனா பிரிச்சுப் பாருங்க. அப்பறம் நீங்களே உக்காந்து தைங்க." சிரித்தான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பிரிக்கவில்லை.

பால்காரம்மா வழக்கம்போலக் கேட்டார். நானும் வழக்கம்போல, "பாத்தனுங்கம்மா" என்றேன். தம்பி பார்த்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா ஜட்கா பிடித்துப் பாறைக்கே வந்தார். பிரிக்காத மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து, வாயை அறுத்து, மேஸ்திரி பார்க்கக் கவிழ்த்தார். முதலில் காய்ந்த சக்கை விழுந்தது. பின்னால் பச்சைப் பூஞ்சணம் பிடித்த கட்டி கட்டியாக விழுந்தது. தெரிந்தே மேலே மட்டும் நல்லதைப் போட்டு மூடியிருக்கிறான்.

"சினை மாடு மாசம் நிறையாமயே கன்னு வீசிடுச்சு. படுத்தது எழுந்திருக்கல. பாத்தேன்னு சொன்னியேப்பா!" என்று என்னிடம் கேட்டார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கை கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"காயலைன்னு நான் அப்பவே சொன்னனுங்கம்மா. அண்ணந்தான் ஏத்துடான்னாரு. பெரியவங்க பேச்சத் தட்ட முடியுங்களா?"

காய்ச்சலில் கிடந்தேன் என்றால், பார்த்ததாக எப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள். அது அவனுக்குத் தெரியும். மேஸ்திரி அங்கேயே என்னை இனி ஆலைப் பக்கம் வரக்கூடாது என்றார். பாறை முழுக்க அவனுடையதாயிற்று.

மறுநாள் காலையில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு அக்ரஹாரத்துக்குப் போய், நடந்ததைச் சொன்னேன்.

"அவன் சொன்னது சுள்ளு, பொய், சரி. நீ சொன்னது என்ன? புல்லை வெச்சுட்டுப் போ. உன் பேச்சு மட்டும் பேடப்பா, வேண்டாம்" என்றார் அந்த அம்மா.

தினமும் புல் கொண்டுபோய் வைத்தேன். ஒரு காலையில் பசு சுவரில் சாய்ந்துகொண்டு, கால் நடுங்க நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எழுந்துடுச்சு. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்று சொல்லி, அவர் புல்லுக்கட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இன்னும் கோவமுங்ளாண்ணா? நமக்குள்ள என்னங்ணா இருக்குது?" என்றான். மழை, ஊர், உங்கள் படிப்பு எல்லாம் விசாரித்தான். அந்த மாடு பிழைத்ததா என்று கேட்பான், கேட்பான் என்று மோர் வரும்வரைக்கும் காத்திருந்தேன். கேட்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.