சங்கிலியில் சிக்கிய சேலை

1963 வாக்கில் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், சித்தன்னவாசல் போகிற வழியில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நான் மருத்துவச்சியாக வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போக ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். அதன் சங்கிலிக்கு மூடி கிடையாது. ஆனால் வெள்ளைச் சேலையைக் கணுக்கால் மூடக் கட்ட வேண்டும் என்பது மேலதிகாரி அம்மாவின் கட்டளை. அந்த அம்மா ஜீப்பில் வருகிறவர்.

ஒருநாள் காலையில், மூன்று மைல் தள்ளி ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், நேற்றிலிருந்து வலி என்று ஆள் வந்தது. பறந்து போனேன். ஊருக்குள் நுழையும் இடத்தில், டீக்கடைக்கு எதிரே, என் கொசுவத்தைச் சங்கிலி கவ்விச் சுருட்டிக்கொண்டது. சைக்கிளோடு விழுந்தேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர்கூட எழுந்து வரவில்லை.

அப்போது நான் செய்ததை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. அந்த வீடு கூப்பிடு தூரம்தான். சேலையைக் கிழித்துக்கொண்டு ஓடாமல், கால் தெரிந்துவிடுமே என்று ஒடுங்கி உட்கார்ந்து, பெடலைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றித் துணியை எடுக்கப் பார்த்தேன்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தாள்.

"அங்கிட்டு ஒருத்தி கத்திக்கிட்டுக் கெடக்கா. நீங்க இங்கிட்டு உக்காந்து சீலையப் பாக்குறீங்களா?"

அரிவாளால் ஒரே இழுப்பு. மிச்சச் சேலையைத் தன்னுடையதைப் போலவே வாரி இறுகச் செருகிவிட்டாள். அவள் முழங்கால் தினமும் அந்தக் கடைக்கு எதிரேதான் தெரிந்தது. அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பையோடு ஓடினேன்.

குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, நீலம் பாய்ந்து வந்தது. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்த பிறகுதான் அழுதது. நானும் அழுதேன்.

மறுநாளிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகித்தான் சைக்கிளில் ஏறினேன். டீக்கடையிலிருந்து புகார் போயிற்று. அடக்கமில்லாத உடையில் பணிக்குச் சென்றது ஏன் என்று மெமோ வந்தது. அடக்கமாக உடுத்தியதால் ஒரு குழந்தை சாகப் பார்த்தது என்று பதில் எழுதினேன். அதற்குமேல் அவர்களும் கேட்கவில்லை, நானும் மாற்றிக் கட்டவில்லை.

இன்றைக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண்ணின் உடையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், என் பதிலைப் படித்த பிறகும் குழந்தை பிழைத்ததா என்று ஒரு வார்த்தை கேட்காத, மெமோ அனுப்பிய அவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள், வயிறு எரிகிறது.