அவன் குதிரையும் என் சுரங்கமும்

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பத்திரிகையில், நாயக்கர் காலத்து ஒற்றனைப் பற்றி நான் எழுதிய தொடர்கதை அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டு சுரங்கம், நான்கு மாறுவேடம், ஒரு விஷ மோதிரம். வாசகர் கடிதம் மொத்தம் மூன்று வந்தது.

அடுத்துத் தொடர்கதை தொடங்கியவன் கோச்சடையிலிருந்து சைக்கிளில் வரும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் கதையிலும் ஒற்றன்தான். எதிரியின் கோட்டையில் குதிரைக்காரனாக வேலைக்குச் சேர்கிறான். மூன்று வாரமாக ஒன்றுமே நடக்கவில்லை. நொண்டிப் பெட்டைக் குதிரை ஒன்றுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். கடிதங்களோ கட்டுக்கட்டாக வந்தன. கொட்டாம்பட்டியிலிருந்து ஒருவர், குதிரைக்குக் கால் சரியாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் வாரம் ஒற்றன் தப்பிக்க வேண்டிய நாள். குதிரையை விட்டுப்போக மனமில்லாமல் ஒரு நாள் தங்கி, மாட்டிக்கொள்கிறான். அவன் தயங்கும் அந்தப் பன்னிரண்டு வரியை நான் அடித்துவிட்டேன். காகிதப் பஞ்சம், இடமில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன்.

இதழ் வந்ததும், இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் முட்டாள் மாதிரி மாட்டினான் என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். குமாஸ்தா என்னிடம் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தேன். வந்தவன் தணிந்த குரலில், “அந்த எடம் கூடிப்போச்சோ அண்ணே? நீங்க எடுத்தாச் சரியாத்தான் இருக்கும்” என்றான். அடுத்த அத்தியாயத்தை நீட்டினான். அதில் ஒரு சுரங்கம் இருந்தது.

ஒற்றன் அதில் இறங்கினான், ஏறினான், தப்பினான். யார் வேண்டுமானாலும் அந்த ஆளாக இருந்திருக்கலாம். என் கதை முழுக்க இப்படித்தான் என்பது அவன் கையெழுத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது.

“எடமெல்லாம் இருந்துச்சு மாப்ள. வயித்தெரிச்சல்ல நாந்தான் எடுத்தேன்” என்றேன்.

அவன், மேஜையிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டு போனான். ஆசிரியரிடமும் போய் ஒப்புக்கொண்டேன். திட்டினார். அடுத்த இதழில் அந்த வரிகளை அச்சிட்டார். அவன் சுரங்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறு அத்தியாயம் எழுதினான். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு கதை புத்தகமானபோது, நான்தான் புரூப் பார்க்க வேண்டும் என்று அவனே சொல்லியனுப்பினான். ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றாமல் பார்த்துக் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் வயிறு எரியத்தான் செய்தது.