ஜிம்மி எங்கள் வீட்டிலிருந்த நாற்பது நாட்கள்

சித்தப்பா நாயோடு லாரியில் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. போலீசிலிருந்த அவருக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கு மாற்றலாகியிருந்தது. அங்கே மாடிக் குவார்ட்டர்ஸ். நாய் வைத்துக்கொள்ள வழியில்லை. அதனால் போகிற போக்கில் சின்னக் காஞ்சிபுரத்தில் இறங்கி, தன் அண்ணன் வீட்டு ஜன்னல் கம்பியில் அதைக் கட்டிவிட்டார்.

அதுவரை நான் பார்த்த நாய்களெல்லாம் தெருவில் சுருண்டு படுத்திருப்பவை. இது நின்றால் என் நெஞ்சு உயரம் இருந்தது. வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அம்மா பார்த்ததுமே, “ஐயோ பாவம், இதுக்குச் சோறு போட்டு எத்தினி நாளாச்சோ” என்று உள்ளே ஓடித் தயிர்சாதம் பிசைந்துகொண்டு வந்தாள். சித்தப்பா சிரித்தார். சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பே அப்படித்தான், முயலைத் துரத்திப் பிடிக்கிற ஜாதி, தொந்தி விழுந்தால் ஓடுவது எப்படி என்றார். முயல் என்றதும் அம்மாவின் கை பாத்திரத்தோடு அப்படியே நின்றது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை.

அவ்வளவு கம்பீரமான பிராணிக்குச் சித்தப்பா வைத்திருந்த பெயர் ஜிம்மி.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எதையும் காகிதத்தில் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறேன், வீட்டுக்குச் சரிப்பட்டால் இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, மறுநாளே ஜிம்மியை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

டாக்டர் நாயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பரிசோதித்தார்.

“சார், இது அழகுக்கு வளக்கிற நாய் இல்ல. காலையில ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம் ஓடணும். நடக்கறது இல்ல, ஓடணும். யாரு கூட்டிக்கினு போவீங்க?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“உங்க செவுரு எவ்ளோ ஒசரம்?”

“என் மாரளவு இருக்கும்.”

“தாண்டிடும். வீட்ல கோழி, பூனை?”

“எங்க வீட்ல இல்ல. பக்கத்து வீட்ல ஒரு பூனை இருக்குது.”

“இப்போதிக்கு இருக்குது” என்றார் டாக்டர்.

கிளம்பும்போது, கட்டியே போட்டால் இந்த ஜாதி நாய் கெட்டுப்போகும், கதவைக் கடிக்கும், மண்ணைத் தோண்டும், கடைசியில் தன் காலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்று எச்சரித்தார். அப்பா வீட்டுக்கு வந்து ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்தார். வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம், கூடாது என்று மறு பக்கம். முதல் கேள்வியை உரக்கச் சொன்னார்: “ஓட்டறதுக்கு ஆளு யாரு?”

“நான் கூட்டிக்கினு போறேன்ணா” என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. இருபத்தைந்து வயதிருக்கும். நான்கு வருடங்களுக்கு முன் ஆடிக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆவணி பிறந்தும் மெட்ராசிலிருந்து அவள் கணவர் திருப்பிக் கூட்டிப்போக வரவில்லை. பிறகும் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போவதைத் தவிர அத்தை வாசற்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

அப்பா வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, “கொழந்தையையும் கூட இட்டுக்கினு போ” என்றார். அப்படித்தான் நான் அத்தைக்குத் துணையானேன்.

விடிகிற நேரத்தில் கிளம்பி, வயல்வரப்பு வழியாகச் செவிலிமேட்டுப் பக்கம் பாலாற்றில் இறங்குவோம். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, பாவாடை நனையாமல் தாண்டுகிற அளவுக்குத்தான் இருக்கும். மீதியெல்லாம் மணல். கயிற்றை அவிழ்த்ததும் ஜிம்மி ஒரு கணம் காதை நிமிர்த்தி நிற்பான். அடுத்த கணம் அங்கே நாய் இருக்காது. நாணல் புதருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போவது மட்டும் தெரியும்.

முதல் இரண்டு நாள் அத்தை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் ஓடினாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. பெரியவர்கள் காரணமில்லாமல் ஓடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. பஸ் போய்விடுகிறது, அடுப்பில் பால் பொங்குகிறது, எதுவும் இல்லை. ஆனாலும் அத்தை ஓடினாள். மூச்சு வாங்கியபடி மணலில் விழுந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். ஜிம்மி திரும்பி வந்து அவள் முகத்தை நக்கினான். வீட்டுக்குள் நுழையுமுன் கிணற்றடிக்குப் போய், விரலிடுக்கு மணலையெல்லாம் கழுவிக்கொள்வாள். என்னையும் கழுவிக்கொள்ளச் சொல்வாள்.

அந்த நாட்களில் அத்தை இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பூ வாங்கினால் வேண்டாமென்று சொல்லாமல் வைத்துக்கொண்டாள். நாய்க்குக் கேழ்வரகுக் களி கிண்டும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். ஜிம்மியும் களியும் தயிருமாக ஒரு குறையுமில்லாமல் சைவமாகிவிட்டான். அப்பாவின் தாளில் வைத்துக்கொள்ளலாம் பக்கம் நீண்டுகொண்டே போனது. மாதமும் முடிந்தது, நாயை அனுப்புவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் தெருக்குழாயிலிருந்து குடத்தோடு வந்த அம்மா, அடுப்பங்கரையில் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. “உங்க நாத்தனாரு பொடவையத் தூக்கிச் சொருகிக்கினு ஆத்துல ஓடறாங்களாமேன்னு கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?” அன்று சாயங்காலம் ஜிம்மியை அப்பாவே கூட்டிப்போனார். நூறடி போவதற்குள் நாய் அவரை இழுத்துத் தள்ளிவிட, முட்டியில் சிராய்ப்போடு திரும்பினார். மறுநாள் காலை மீண்டும் நாங்கள்தான் போனோம்.

அந்த வாரமே அது நடந்தது. ஆற்றில் ஜிம்மி நாணல் புதருக்குள் பாய்ந்து, ஒரு முயலைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தான். நாங்கள் அலறினோம். பாராட்டுகிறோம் என்று நினைத்தானோ என்னவோ, அதைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டைப் பார்த்து ஓடினான். நாங்கள் மூச்சிரைக்கத் தெருவுக்குள் நுழைந்தபோது, ஒரே ஒரு வீடு தவறிவிட்டது தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமி போட்டிருந்த பெரிய கோலத்தின் நடுவில் முயல் கிடந்தது. பக்கத்தில் ஜிம்மி உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஏகாதசி வேறு.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அப்பாவைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னாள். “வாத்தியாரே, உங்களை நான் குத்தம் சொல்லலை. வேட்டை நாயைக் கொண்டுவந்து வச்சுண்டா அது வேட்டைதானே ஆடும்? அதுக்கு வேற என்ன தெரியும்?”

அன்று அப்பா தாளை எடுத்தார். கூடாது பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் மடித்துவிட்டார்.

“இனிமே அவுத்தே வுட மாட்டேன்ணா” என்றாள் அத்தை. “கயித்தோடவே ஓட்டறேன். இன்னும் வெள்ளென போயிட்டு, யாரும் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி வந்துடறேன்.” அவள் அப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நாய்க்காக இல்லம்மா” என்றார் அப்பா. “நாலு பேரு நாலு விதமா பேசறாங்க.”

ஒரு முயலுக்காகவா ஊரே பேசுகிறது என்று எனக்குக் கோபம் வந்தது.

முசரவாக்கத்தில் அப்பாவிடம் படித்த ஒரு பையனின் தகப்பனாருக்கு வேர்க்கடலைக் காடு இருந்தது. முயல் தொல்லை தாங்கவில்லை, நாயைக் கொடுங்கள் என்று மாட்டு வண்டியில் வந்து அழைத்துப்போனார். மறுநாள் மத்தியானம் ஜிம்மி அறுந்த கயிறு கழுத்தில் தொங்க எங்கள் வாசலில் நின்றான். மீண்டும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் மீண்டும் வந்தான். குடியானவர் சிரித்தார். “வாத்தியாரே, உங்க தங்கச்சி வந்து ஒரு நாளு கூட இருந்து கையால சோறு போட்டுட்டு வரட்டும்பா. அப்பால எடம் பழகிடும்.”

அப்பாவுக்குப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். அதனால் அத்தையும் நானும் வண்டியில் போனோம். ஜிம்மி வழியெல்லாம் அத்தையின் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தான்.

அறுவடையான நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அத்தை களியை உருட்டி ஊட்டினாள். பிறகு கயிற்றை அவிழ்த்தாள். ஜிம்மி காதை நிமிர்த்தினான், பாய்ந்தான். குடியானவரின் பிள்ளைகள் கூவிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். ஆற்று மணலில் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. அத்தை ஒரு தடவை கூப்பிட்டாள். அவன் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். வருவான் என்று நினைத்தேன். வரவில்லை, திரும்பவும் ஓடினான். அத்தை அதற்குமேல் கூப்பிடவில்லை.

“வூட்டுக்காரரு எங்கம்மா கீறாரு?” என்று குடியானவரின் மனைவி கேட்டாள்.

“மெட்ராஸ்ல” என்றாள் அத்தை, வயலைப் பார்த்தபடியே.

சாயங்காலம் எங்களை பஸ் ஏற்றிவிட அந்த அம்மாள் மெயின்ரோடு வரை வந்தாள். புளியமரத்தடியில் நின்றோம். அத்தை அவளிடம், “கொழந்தைய மட்டும் பஸ்ல ஏத்தி வுட்டா, காஞ்சிபுரத்துல கண்டக்டரு எறக்கி வுட்ருவாரா?” என்று கேட்டாள். “நீதான் கூடப் போறியேம்மா, அப்பறம் இன்னா?” என்று அந்த அம்மாள் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். துணிப்பையை என் தோளில் மாட்டினாள். என் கையை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தாள். அப்போது எதிர்த் திசையில் ஒரு பஸ் வந்து நின்றது. அத்தை சாலையைக் கடந்து அதை நோக்கி வேகமாக நடந்தாள்.

நான் போர்டைப் பார்த்தேன். வே, லூ, ர்.

“அத்தை! அது நம்ம பஸ் இல்ல! வேலூர் போட்டிருக்குது!” என்று கத்தினேன். பஸ்ஸிலிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தையின் ஒரு கால் படியில் இருந்தது. கை கம்பியைப் பிடித்திருந்தது. “ஏறும்மா, ஏறப்போறியா இல்லியா?” என்றார் கண்டக்டர். அத்தை என்னைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறாள், நான் சொன்னது காதில் விழவில்லையா என்று இன்னொரு தடவை கத்தினேன். அவள் காலைக் கீழே வைத்தாள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

வீட்டில் விளக்கேற்றுகிற நேரத்தில் என் பிரதாபத்தை எல்லோரிடமும் சொன்னேன். அம்மா சிரித்தாள். “வேலூர்ல நமக்கு யாரு இருக்காங்க, அங்க போயி எறங்கி இன்னா பண்ணியிருப்பே?” என்று அத்தையைக் கேலி செய்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜிம்மி அதன் பிறகு ஓடிவரவில்லை. அந்தக் குடியானவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தை அவனைப் பற்றி விசாரிப்பாள். நன்றாக ஓடுகிறான் என்பார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அத்தை அந்த வீட்டில்தான் இருந்தாள். கடைசிவரை மெட்ராசிலிருந்து யாரும் வரவில்லை.

முசரவாக்கத்திலிருந்து திரும்பிய அன்று கிணற்றடியில் அத்தை என் காலைக் கழுவிவிட்டபோது, நான் இன்னும் பெருமையிலிருந்து இறங்கவில்லை. “நான் மட்டும் படிக்கலேன்னா நீ தொலைஞ்சு போயிருப்பே இல்ல அத்தை?” என்றேன்.

“ஆமா” என்றாள்.

“யாரு எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தது? நீதானே?”

அத்தை தண்ணீர் மொண்ட செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். “ஆமாம்மா, நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்று சொல்லிச் சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.