ஆடிக்கு முன்னால ஒரு கிழக்கு வாசல்

கிட்ட வந்து உக்காருங்க. பஸ் போற சத்தத்துல நான் சொல்றது உங்க காதுல பாதிதான் விழும். வீடு காட்டுற தொழில்ல சாவிக்கு அடுத்தபடியா முக்கியமானது திசை. சாவி தொலைஞ்சா பூட்டை உடைச்சு உள்ள போயிடலாம். திசை தொலைஞ்சா கதவு திறந்திருந்தும் பார்ட்டி உள்ள கால் வைக்காது. வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்க நீங்க, உங்களுக்கு இதைச் சொல்லணும்னு இல்ல.

நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவன். மந்தைவெளியில எந்தத் தெருவுல தண்ணி எப்ப வரும், அடையாறுல எந்த மாடியில ஒழுகும், எல்லாம் அத்துப்படி. ஆனா வடக்கு எதுன்னு யாராவது கேட்டா மயிலாப்பூர் கோபுரம் தெரியுதான்னு தேடுவேன். கோபுரம் தெரியாத தெருவுல எனக்கு நாலு திசையும் ஒண்ணுதான்.

பூகோள டீச்சர் வந்தாங்க

இந்த வருஷம் ஆனி மாசம் ஆரம்பத்துல வைதேகி டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு ஸ்கூல்ல பூகோளம் சொல்லிக் குடுக்கிறவங்க. மந்தைவெளியில அவங்க குடியிருந்த கட்டடத்தை இடிச்சுட்டு புதுசா ஃபிளாட் கட்டப் போறாங்க. மத்த வீடெல்லாம் காலி. மாடிப்படியில இவங்க செருப்பு ரெண்டு ஜோடி மட்டும் கிடந்துச்சு.

ஆடி பொறந்துட்டா மயிலாப்பூர் பக்கம் யாரும் வீடு மாத்த மாட்டாங்க, ஆவணி வரைக்கும் காத்திருக்கணும். கட்டடக்காரர் அதுவரைக்கும் விட மாட்டார். ஆனிக்குள்ள வீடு கிடைக்கலைன்னா எண்பது வயசு அம்மா பெருங்குடியில மகன் வீட்டுக்கு, டீச்சர் ஸ்கூலுக்குப் பக்கத்துல ஹாஸ்டலுக்கு. டீச்சர் பொறந்ததுல இருந்து ஒரு நாள் ராத்திரி கூட ரெண்டு பேரும் பிரிஞ்சு தூங்கினதில்லையாம். அதைச் சொல்லும்போது டீச்சர் குரல் இறங்கிடுச்சு. உள்ளே இருந்து அம்மா, நான் மாமின்னு கூப்பிடுறவங்க, வந்தாங்க. இறங்கின குரல் அவங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு முகத்துல தெரியல.

"ஏழுமலை, வாசல் கெழக்கு பாத்து இருந்தா மட்டும் கூப்பிடு. இல்லேன்னா நான் பெருங்குடிக்கே போயிடறேன்."

எந்த வாசல்?

முதல்ல அபிராமபுரத்துல ஒரு வீடு. ரெண்டாவது மாடி, காத்தோட்டம். கிழக்குன்னு வீட்டுக்காரர் போன்ல சொல்லியிருந்தார். போய் நின்னா, தெருக் கேட்டு தெற்கு. லிஃப்ட்ல இருந்து இறங்கினா வீட்டுக் கதவு வடக்கு. பால்கனி மேற்கு. கிழக்கு எங்கேன்னு கேட்டா வீட்டுக்காரர் சமையலறை ஜன்னலைக் காட்டினார்.

எது வாசல்னு அங்கயே பஞ்சாயத்து. டீச்சர் நோட்டுல கட்டம் போட்டு, ஓரத்துல அம்புக்குறி போட்டு, கதவு, கேட்டு எல்லாத்துக்கும் அடையாளம் வெச்சாங்க. பார்க்க அழகா இருந்துச்சு. ஆனா அந்த நோட்டை எந்தப் பக்கமாப் பிடிச்சுப் பார்க்கணும்னுதான் எனக்குத் தெரியல. மாமி பாட்டுக்குக் கீழே இறங்கிட்டாங்க. கேட்டுல உக்காந்திருந்த வாட்ச்மேன் எல்லாத்தையும் கேட்டுட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நைனா, பத்து வருசமா நான் இந்தத் தெக்கால கேட்டுலதான் குந்திகினு கீறேன், எனக்கு இன்னா ஆயிப்போச்சு?"

சுத்துற படம்

அடுத்த வீடு மாட வீதிக்குப் பின்னால ஒரு சந்துல. வீட்டுக்காரம்மா போன்ல வழிப் படம் அனுப்பிட்டாங்க, நீலப் புள்ளிதான் நான், சிவப்பு ஊசிதான் வீடு. நான் ஊசிப் பக்கம் நடந்தேன், புள்ளி வேற பக்கம் போச்சு. போனைத் திருப்பினேன். படமும் கூடவே திரும்பிச்சு. நான் திரும்பினேன். படம் பழைய இடத்துக்கே வந்துச்சு. படம் சுத்துதா, நான் சுத்துறேனான்னு தெரியாம தலை சுத்திச்சு.

டீச்சர் பின்னாலயே வந்து, "அண்ணா, படத்துல வடக்கு எப்பவும் மேல இருக்கும்னு வெச்சுக்கோங்க"ன்னாங்க. நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒயரும் காக்காயும்தான் இருந்துச்சு. சந்துல பழைய கதவு நம்பரைக் கேட்டா புது நம்பரைச் சொன்னாங்க, புது நம்பரைக் கேட்டா அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னாங்க. தெற்கு மாட வீதி முனைக்கு நாங்க திரும்ப வந்தப்போ அங்க பூ கட்டுற ராணி பூவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டுச்சு:

"யோவ் ஏழுமலை, உற்சவத்துல சாமியே மாட வீதிய ஒரு தபாதான் சுத்துது, நீ மூணாவது தபா வர்றியே?"

ரெண்டு விரக்கடை

இந்தத் தப்பு என்னோடதுதான், ஒத்துக்கிறேன். முதல் நாள் டீச்சர் அவங்க ஸ்கூலையும் மந்தைவெளி வீட்டையும் போன் படத்துல காட்டினாங்க. நான் விரலை வெச்சு அளந்தேன். ரெண்டு விரக்கடை. தினம் நடந்து போற தூரம்தான். சரின்னு மனசுல குறிச்சுக்கிட்டேன். அடுத்த நாள் அடையாறு காந்தி நகர்ல ஒரு வீடு வந்துச்சு. கிழக்கு வாசல், கீழ் வீடு, மாமி முட்டிக்குப் படியே இல்ல. படத்தைத் திறந்து ஸ்கூலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல விரலை வெச்சேன். அதே ரெண்டு விரக்கடை. "நடந்தே போயிடலாம் டீச்சர்"னு அடிச்சுச் சொன்னேன்.

நடுவுல நான் படத்தைச் சின்னதாக்கிட்டேன்னு எனக்கு உறைக்கல. விரல் அதே விரல்தானே, அது எப்படிப் பொய் சொல்லும்? அதோட, அந்த ரெண்டு விரலுக்கு நடுவுல நீலமா ஒண்ணு ஓடிச்சு. ஏதோ பெரிய ரோடுன்னு விட்டுட்டேன். அது அடையாறு ஆறு. ஆட்டோ பாலத்துக்குப் போய், சிக்னல்ல நின்னு, திரும்பி வந்து சேர்றதுக்குள்ள மாமி தூங்கியே போயிட்டாங்க. டீச்சர் கோவப்படல, அதான் கஷ்டமா இருந்துச்சு.

"உங்க விரல் ஆத்தை நீந்தி வந்துடுச்சுண்ணா, நாங்க தினம் பாலம் ஏறித்தான் வரணும்."

போன்ல இருந்த கிழக்கு

தி.நகர்ல ஒரு வீட்டுக்காரர் திசைகாட்டியைப் போன்லயே வெச்சிருந்தார். கதவுல நின்னு காட்டினார், கிழக்கு. மாமி முகத்துல முதல் தடவையா ஒரு தெளிவு. டீச்சர் தன்னோட போனை எடுத்துக் காட்டினாங்க, மேற்கு. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் முள்ளை ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் சூரியனைத் தேடினேன், மேகமூட்டம்.

டீச்சர் அவர் போனை வாங்கி, புஸ்தகம் மாதிரி மூடுற தோல் கவரைக் கழட்டினாங்க. கவர் மூடி ஒட்டிக்கறதுக்கு அதுல காந்தம் வெச்சிருக்காங்களாம். அது பக்கத்துல இருந்தா முள்ளு அதைத்தான் பார்க்குமாம். கவர் இல்லாம அவர் போனும் மேற்குன்னு சொல்லிச்சு. எத்தனை பேருக்கு இந்தக் கவரை வெச்சு வீடு காட்டியிருப்பாரோ, பாவம், அவருக்கே தெரியாது. ரொம்ப மரியாதையாவே கேட்டார்:

"மேடம், கவர் போட்டா கிழக்குதானே, நீங்க கவரோடயே இருந்துக்கக் கூடாதா?"

ஆனி வெயில்

ஆனி முடிய ரெண்டு நாள். சித்திரகுளம் பக்கத்துல முதல் மாடியில ஒரு வீடு காலியாச்சு. டீச்சர் ஸ்கூலுக்கு நேர் பஸ். கவர் இல்லாத போன் கிழக்குன்னுச்சு. வீட்டுக்காரர் பாங்கில இருந்து ரிடையர் ஆனவர், கறாரானவர். காலையில ஏழரை மணிக்கு இன்னொரு பார்ட்டி வருது, அதுக்கு முன்னால சொல்லிடுங்கன்னார்.

மாமி போனை நம்பத் தயாரா இல்ல. "காலம்பற வெயில் நேரா வாசல் வழியா வந்து நடுக் கூடத்துல விழணும். அதைப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்"னாங்க. ஆறரைக்கே போயிட்டோம். வெறும் கூடத்துல ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை நட்ட நடுவுல போட்டு வாசலைப் பார்த்து உக்காந்தாங்க. எதிர்ல ஓட்டு வீடு, அதுக்கு மேல சூரியன் வந்துச்சு. வெயில் உள்ளே வந்துச்சு. ஆனா கோணலா வந்து வலது பக்கச் சுவர்ல விழுந்துச்சு. மாமி மேல ஒரு துளி படல.

"இது கெழக்கு இல்லே"ன்னாங்க மாமி. வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துடுச்சு. டீச்சர் தரையில உக்காந்து சாக்பீஸால படம் போட்டாங்க. சூரியன் தினம் ஒரே இடத்துல உதிக்காதாம். ஆனியில வடக்கே ஒதுங்கிப் போய், அங்கிருந்து திரும்பித் தெற்கே நடக்குமாம். புரட்டாசியில இந்த வாசலுக்கு நேரா வருமாம், மார்கழியில இடது பக்கச் சுவருக்குப் போயிடுமாம். இத்தனை வருஷமா எத்தனை பேருக்குச் சூரியனைக் காட்டி வீடு முடிச்சிருக்கேன். மாமி படத்தைப் பார்த்தாங்க, மகளைப் பார்த்தாங்க. "அது ஒரு எடத்துல நிக்கலேன்னா நான் எதைப் பாத்துக் கும்பிடறது?"ன்னாங்க.

கீழே ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் தரையில இருந்த படத்தை உள்ளங்கையால மெதுவா அழிச்சாங்க. "சரிம்மா, பெருங்குடி அண்ணாகிட்டப் பேசறேன். நாளைக்கு வண்டி வரச் சொல்றேன்"னாங்க, தலை நிமிராம. மாமி அந்தச் சாக்பீஸ் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. நாற்காலியைக் கிர்ர்னு இழுத்துக்கிட்டுப் போய், வலது பக்கச் சுவரோரம், வெயில் விழுந்த இடத்துல போட்டு உக்காந்தாங்க. முகம் முழுக்க வெயில். கண்ணை மூடிக் கையைக் கூப்பினாங்க, மூடின கண்ணோடயே சொன்னாங்க:

"வைதேகி, நாளைக்குப் பால் காய்ச்சிடலாம். ஏழுமலை, நீ கீழ போய் வந்தவாகிட்டே வீடு ஆயிடுத்துன்னு சொல்லிடு."

புரட்டாசி பொறந்ததும் ஒரு காலையில அந்தப் பக்கமாப் போனேன். டீச்சர் போட்ட சாக்பீஸ் படம் எனக்கு இன்னும் பாதிதான் புரியுது, ஆனா மாமி அந்த நாற்காலியைச் சுவரோரத்துல இருந்து வெயில் பின்னாலயே வாரம் ஒரு சாண் நகர்த்தி நகர்த்தி, வாசலுக்கு நேரா நடுக் கூடத்துக்கே கொண்டாந்துட்டாங்க.