கயிற்றில் ஐந்து முடிச்சு

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணைத் தேக்கத்தின் நீர்மட்டத்தையும் தண்ணீரின் சூட்டையும் எழுதும் உத்தியோகத்தில் எட்டு வருஷம் இருந்த எனக்கு நீச்சல் தெரியாது. பரிசலில் ஏறியதும் கண்ணை மூடி, பரிசல்காரர் மாதப்பனின் தோளைப் பிடித்துக்கொள்வேன். போன வாரம் மொரப்பூர் ஸ்டேஷனில் வெற்றிலை வியாபாரி ரஹீம் பாய், "உங்க தோளு போயிடுச்சுங்களே" என்றார். யார் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

மாதப்பன் அதிகம் பேசமாட்டார். அவர் பரிசலில் ஏறியவர்களுக்குத் தெரியும். நான் பேசுவேன். பென்னாகரத்தில் யார் வீட்டுச் சம்பந்தம் முறிந்தது, எந்த ஓவர்சியர் மனைவிக்குப் பயந்து ஆபீசில் படுக்கிறார் என்று கரைவரை ஓட்டுவேன். ஒரே இடத்தில் அவர் துடுப்பை நிறுத்துவார். நானும் வாயை நிறுத்துவேன். அதற்குக் கீழேதான் அவர் வீடு. அணைத் தண்ணீர் ஏறி வீடு முழுகுவதற்கு முந்தின வருஷம் குளிர்காய்ச்சலில் இறந்த மனைவி முத்தம்மாவை அந்தக் கொல்லையில்தான் புதைத்திருந்தார். கடைசிவரை "குளிருது, குளிருது" என்றாளாம்.

உஷ்ணமானியைப் பித்தளைக் குழாயில் வைத்து, ஈயக்குண்டு கட்டி, அவர்தான் கயிற்றை இறக்குவார். ஆறடிக்கு ஒரு முடிச்சு. "மெதுவா விடோணுங்க, அவ மேல குண்டு விழுந்துரப் போகுது." மேலே வந்த குழாயைத் தொடமாட்டார். "நான் தொட்டா என் சூடு ஏறிருமுங்க." அப்போதுதான் நான் கண்ணைத் திறப்பேன்.

"கீழ எப்படிங்க இருக்குது?"

பங்குனியில் மேல்தண்ணீர் கஞ்சியாகச் சுடும். கயிற்றோடு வருவது சில்லென்றிருக்கும். முதல் நாள் உண்மையைச் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து இரண்டு டிகிரி ஏற்றி, "வெதுவெதுன்னு இருக்குது மாதப்பண்ணா" என்றேன். 'அடித்தண்ணீர்' என்ற கட்டத்திலும் அதையே எழுதினேன்; இரண்டு கணக்கை நினைவில் வைக்கும் சாமர்த்தியம் எனக்கில்லை. மார்கழியில் மட்டும் மேலும் கீழும் ஒன்றாகிவிடும், பொய் வேண்டியதில்லை. "இப்ப எல்லாருக்கும் ஒரே குளிருங்க" என்பார், கொஞ்சம் நிம்மதியாக.

ஒரு சித்திரையில் தேக்கம் வற்றி, அந்த வீட்டுச் சுவர் வெளியே வந்தது. அடுப்புகூடத் தெரிந்தது.

"இறங்கிப் பாக்கலாமே?" என்றேன்.

"வேண்டாமுங்க. கூப்பிட்டுருவா."

பரிசலைத் திருப்பினார். கரை சேரும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காற்றில்லை, அலையில்லை, என் முதுகுச் சட்டை மட்டும் நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் அக்காள் மகன் கயிற்றை நீட்டினார். "உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாருங்க." அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கயிறும், தண்ணீரைக் கண்டால் ஒரு தோளைத் தேடும் என் வலது கையும்தான்.

நேற்று முடிச்சுகளை எண்ணினேன். அறுந்த கயிறில்லை, இரண்டு நுனியிலும் அவர் போட்ட பழைய கட்டு அப்படியே இருக்கிறது. தேக்கம் நிறைந்த ஐப்பசியில் அந்த வீட்டின்மேல் பத்து முடிச்சு ஆழத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும்; குண்டு அவளிடம் போய்ச்சேரக் கயிற்றிலும் அத்தனை முடிச்சு வேண்டும்.

கயிற்றில் இருப்பது ஐந்து.