சன்னதியில் கேட்டு வாங்கிய சான்றிதழ்கள்

நரசிம்மரை நம்புகிற எல்லோருக்கும் என் வணக்கம். இதை அமைதியாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. மாதங்கள் ஓடியும் கோபம் முழுசாகத் தணியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் விஜி. கணக்கு டீச்சர். வீடு சிட்லபாக்கம். தாம்பரத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, லீவு கேட்கப் பள்ளிக்கு ஓடினேன். எங்கள் தாளாளர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பத்தாவதுக்கு போர்ஷன் முடிக்கணும் மேடம். ஆஸ்பத்திரியில நர்ஸ் இருக்காங்கல்ல? அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

அங்கேயே ஒரு வெள்ளைத் தாளில் ராஜினாமா எழுதி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. பெற்ற பிள்ளை டிரிப்ஸோடு படுத்திருக்கும்போது எந்தத் தாய் போர்டில் கணக்குப் போடுவாள்?

மகள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே வக்கீல் நோட்டீஸும் வந்தது. மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்லாமல் நின்றதற்கு மூன்று மாதச் சம்பளத்தைக் கட்ட வேண்டுமாம். மாணவர்கள் படிப்பு கெட்டதற்குத் தனியாக நஷ்ட ஈடாம். தவறினால் கிரிமினல் நடவடிக்கையாம். எல்லாம் தீரும்வரை என் சான்றிதழ்களைத் தர மாட்டார்களாம்.

ஆமாம், பத்தாவது மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். வரை எல்லா ஒரிஜினலும் அவர்களிடம்தான் இருந்தது. இந்த மாதிரிப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சேருகிற அன்றே வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கொடுத்தால்தான் வேலை. எல்லோரும் கொடுக்கிறார்களே என்று நானும் கொடுத்தேன்.

என் கணவருக்குத் தாம்பரத்தில் மொபைல் கடை. அந்தக் கடைக்கு மேல்மாடியில் ஒரு வக்கீல் அக்கா இருக்கிறார். நோட்டீஸைப் படித்துவிட்டுத் தூக்கி மேஜையில் போட்டார்.

"கிரிமினல் கேஸெல்லாம் சும்மா பூச்சாண்டி, விஜி. இது சிவில் விஷயம். வேலைக்குச் சேர்ந்தப்ப ஆர்டர்ல நீ கையெழுத்து போட்டிருக்கே, அதனால நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தை அவங்க கேக்கலாம். நஷ்ட ஈடு வேணும்னா கோர்ட்ல வந்து நிரூபிக்கட்டும். ஆனா சர்டிபிகேட்டைப் புடிச்சு வெச்சுக்க அவங்களுக்கு உரிமையே இல்ல. அது என்ன அடகு நகையா?"

சம்பளத்தைத் தவணையில் கட்டுகிறேன், சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதில் அனுப்பினோம். பள்ளி வாயே திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு தபால். முன்பே நான் எழுதியிருந்த அரசு ஆசிரியர் தேர்வில் தேறியிருந்தேன். வெள்ளிக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் வரக்கூடாது. எனக்கு வயது வரம்பு முடிகிற நேரம், இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. சந்தோஷப்பட வேண்டிய தபாலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"கேஸ் போட்டா ஜெயிச்சிடலாம்," என்றார் வக்கீல் அக்கா. "ஆனா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள ஜெயிக்க முடியாதும்மா."

நேரில் கேட்கலாம் என்று பள்ளிக்குப் போனேன். வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. "உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே மைக்கில் நீதிபோதனை வகுப்பு. நேர்மையைப் பற்றி யாரோ ஒரு பிள்ளை ஒப்பித்துக்கொண்டிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கெட்ட வார்த்தைதான் வாயில் வந்தது.

அங்கிருந்து நேராக சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போனேன். கும்பிட இல்லை, சண்டை போட. அங்கே நரசிம்மருக்கு நெற்றியில் திருமண்ணுக்கு அடியில் மூன்றாவது கண் உண்டு. சன்னதியைக் குடைந்திருக்கிற மலையைச் சுற்றும்போது ஒரு ஸ்லோகமும் சொல்லவில்லை. 'உனக்கு மூணாவது கண் எதுக்கு? சும்மா காட்டவா? நான் என்ன திருடினேனா? என் படிப்பை எனக்கு வாங்கித் தர முடியாதுன்னா இனிமே இந்தப் படி ஏற மாட்டேன்.' இதுதான் என் பிரார்த்தனை. மறைக்காமல் சொல்கிறேன்.

உள்ளே நல்ல கூட்டம். அன்று சுவாதி நட்சத்திரம், சுவாமிக்கு உகந்த நாள். இருந்த ஆத்திரத்தில் நான் காலண்டரைப் பார்க்கவில்லை. இடித்துக்கொண்டு முன்னால் போனேன். என் பக்கத்தில் பட்டு வேட்டி கட்டிக் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றவர் யார்? எங்கள் தாளாளர்!

அர்ச்சகர் சுவாமியின் திருமண்ணை மெல்லத் தூக்கி, தீப வெளிச்சத்தில் நெற்றிக் கண்ணைக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கத்தினேன்.

"பெருமாளே! இதோ நிக்கறாரே, இவர் என் சர்டிபிகேட்டையெல்லாம் பூட்டி வெச்சிருக்கார். பள்ளிக்கூடத்துல கேட்டேன், வாசல்லயே நிறுத்திட்டார். இப்ப உங்க முன்னாடி கேக்கறேன்."

சன்னதியே திரும்பிப் பார்த்தது. அவர் முகம் வெளுத்தது. "கோயில்ல எதுக்கும்மா இதெல்லாம்? அப்புறம் பேசலாம்," என்று முனகினார்.

பின்னால் காக்கிச் சட்டையோடு குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஆட்டோக்காரர் விடவில்லை. "இன்னா சார் இது? அவங்க படிச்ச படிப்பு, உன்கிட்ட எதுக்கு கீது?"

அர்ச்சகர் தீபத்தைக் கீழே வைக்கவில்லை. "பெருமாள் பாத்துண்டிருக்கார். இருக்குன்னா இருக்குன்னு சொல்லுங்கோ, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்கோ," என்றார்.

தாளாளர் சுவாமியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு "இருக்கு" என்றார். "நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

"இன்னிக்கே," என்றேன்.

அவர் காரில் முன்னால் போக, நான் அந்த ஆட்டோக்காரரின் வண்டியிலேயே பின்னால் போனேன். அதே வாட்ச்மேன் அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிபார்த்த பிறகுதான் ஃபைலை மூடினேன்.

"சன்னதியில அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது மேடம்," என்றார் தாளாளர்.

"இங்கயே கேட்டைத் திறந்திருந்தா அங்க வந்திருக்க மாட்டேன் சார்," என்றேன்.

வெள்ளிக்கிழமை என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "சரியா இருக்கும்மா," என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. இன்று நான் அரசுப் பள்ளி ஆசிரியை. நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தைத் தவணையில் கட்டி முடித்துவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டது, அது நியாயம். நஷ்ட ஈட்டைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசவே இல்லை.

வேலையில் சேருகிறவர்கள் ஆர்டரை ஒரு வரி விடாமல் படியுங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். யாராவது மிரட்டினால் பயந்து வீட்டுக்குள் அழாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். அதோடு பெருமாளிடமும் போங்கள். மனசு அமைதியான பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம், கோபமாகவே போங்கள். தூணைப் பிளந்துகொண்டு வந்தவர் அவர். நம் சத்தமெல்லாம் அவருக்கு ஒரு சத்தமா?