நாலாங் கூண்டுக்கு ஊத்தின தண்ணி

பாக்கு டப்பாவுல ஒரு ஊசி வெச்சிருக்கறேன். ஊசின்னா குத்தற ஊசி இல்ல. வெரல் நீளத்துக்கு வளைஞ்ச குழாய், நுனியில கடுகாட்டம் ஒரு உருண்டை. எலி வாயில வுட்டு, தொண்டையத் தாண்டி வயித்துல மருந்து எறக்கறதுக்குன்னு செஞ்சது. நுனி கூரா இருந்தா தொண்டையக் கிழிச்சிடும், அதுக்குத்தான் அந்த உருண்டை. போன வாரம் என் பேத்தி டப்பாவத் தொறந்து பாத்துட்டு, "இன்னா தாத்தா இது, காது கொடையறதா?"ன்னு கேட்டா. இல்லம்மா, மேடம் குடுத்ததுன்னேன். எந்த மேடம்னு கேட்டா. அதச் சொல்லத்தான் இப்ப உக்காந்துகினு இருக்கறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவ எழுதறா.

எனக்கு ஊரு வெள்ளிமலைக்கு அந்தாண்ட. ரோட்ட வுட்டு எறங்கி ரெண்டு ஓடை தாண்டணும். சாமை போடுவோம், கேவுரு போடுவோம். வெள்ளாமை இல்லாத மாசத்துல கடுக்கா பொறுக்குவோம், தழை பறிப்போம். மூட்டை கட்டிகினு கள்ளக்குறிச்சிக்கு வந்து நாட்டு மருந்துக் கடை பாய்கிட்ட போடுவேன். பாய் நல்ல மனுசன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு நாளு நான் மூட்டையப் பிரிச்சிகினு இருக்கறேன், கண்ணாடி போட்ட ஒரு அம்மா கடையில நின்னு ஒரு கொடியப் பத்திக் கேக்கறாங்க. சக்கரை நோவுக்கு மலையில குடுப்பாங்களாமே, கெடைக்குமான்னு. பாய் என்னக் கைகாட்டி, "இதோ மலையே எறங்கி வந்து நிக்குது, கேளுங்க"ன்னாரு. அப்பால என்கிட்ட திரும்பி, "யோவ், அம்மா காலேஜுல எலிக்கு வைத்தியம் பாக்கறாங்க. மனுசன் ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கறான், எலிக்கு வந்த வாழ்வப் பாரு"ன்னு சிரிச்சாரு. அந்தம்மாவும் சிரிச்சாங்க. அவங்கதான் மேடம். மருந்துப் படிப்பு சொல்லித் தர்ற காலேஜுல வேலை.

அந்தக் கொடி பேர நான் சொல்ல மாட்டேன். பேத்தியும் கேட்டா, அவளுக்கும் சொல்லல. ஏன்னு கடைசியில தெரியும்.

மொதல்ல தழை மட்டும் கொண்டாந்து குடுத்தேன். அப்பால காலேஜுல எலிங்கள வெச்சிருக்கற கொட்டாவப் பாத்துக்கறதுக்கு ஆளு வேணும், இருக்கறீங்களான்னு கேட்டாங்க. மலைய வுட்டு பொண்டாட்டி புள்ளையோட எறங்கி வந்துட்டேன். வெள்ளெலிங்க, கண்ணு செவப்பா இருக்கும். மொத மாசம் அந்த மூத்திர நாத்தத்துல சோறு எறங்கல, அப்பால நாத்தமே தெரியல. மேடம்தான் எலிய எப்படிப் புடிக்கறது, தலைய எப்படிச் சாய்க்கறது, ஊசிய எப்படி எறக்கறதுன்னு காட்டினாங்க. கொஞ்ச நாள்ல அவங்களவிட எனக்குக் கை நல்லா வந்துடுச்சு. எலி திமிராது. "அண்ணே, உங்க கையில இதுங்க தூங்கிடுது"ன்னுவாங்க. என்ன வேலைக்காரனா ஒரு நாளும் கூப்பிட்டது இல்ல. அண்ணேதான், நீங்கதான்.

எங்க ஜனத்துல ஒரு பழக்கம். மருந்துக்குத் தழை பறிக்கச் சொல்ல, யாருக்குப் பறிக்கறோமோ அவங்க பேர கொடிகிட்ட சொல்லணும். இன்னாருக்கு இன்னா நோவு, மூனு தழை எடுத்துக்கறேன்னு சொல்லித்தான் கை வெக்கணும். பேரு சொல்லாம பறிச்சா மருந்து வழி தெரியாம போயிடும். இன்னொன்னும் உண்டு. நோவு இல்லாத ஒடம்புக்கு மருந்து குடுக்கக் கூடாது. குடுத்தா அந்த நோவு குடுத்தவன் வூட்டத் தேடிகினு வரும். நான் இத மேடத்துகிட்ட சொன்னேன். எலிக்கு எப்படிம்மா பேரு சொல்றதுன்னு கேட்டேன். எலி வால்ல பேனாவால கோடு போட்டு வெச்சிருப்பாங்க, அடையாளத்துக்கு. "ஒத்தக்கோடு, ரெட்டக்கோடு, மூனுகோடு, இதுதான் பேரு. சொல்லிப் பறிங்க போங்க"ன்னாங்க. வெளையாட்டுக்குச் சொன்னாங்க. நான் நெசமாவே அப்படிச் சொல்லித்தான் பறிச்சேன்.

மொதல்ல சக்கரை நோவு வரவெச்ச எலிங்களுக்குக் குடுத்தோம். சக்கரை எறங்குச்சு. மேடம் கொழந்தையாட்டம் கொட்டா பூரா நடந்தாங்க. அவங்க அம்மாவுக்கு சக்கரையில காலு எடுத்தது. மேடத்துக்கும் நாப்பது வயசுலேயே வந்துடுச்சு, மாத்திரை போட்டுகினுதான் இருந்தாங்க. அதனால அவங்களுக்கு இது வெறும் வேலை இல்ல.

அடுத்தது, மருந்தால கெடுதி வருதான்னு பாக்கறது. இதுக்கு நோவே இல்லாத எலிங்க. நாலு கூண்டு, கூண்டுக்கு ஆறு. ஒன்னாங் கூண்டுக்கு வெறும் தண்ணி. ரெண்டாங் கூண்டுக்கு கொஞ்சம் மருந்து, மூனாங் கூண்டுக்கு அதவிட ஜாஸ்தி. நாலாங் கூண்டுக்குத்தான் ரொம்ப ஜாஸ்தி. மருந்துன்னா மூனு தழை இல்ல. ஒரு மூட்டை தழைய ஒரு சொம்புக்கு சுண்ட வெச்ச சாந்து, கறுப்பா, தார் மாதிரி. தெனம் காலையில குடுக்கணும், குடுத்ததும் நோட்டுல டிக்கு போடணும். எனக்கு டிக்கு போடத் தெரியும். மேடம்தான் கத்துக் குடுத்தாங்க.

மொத நாளே எங்க ஜனத்துச் சொல்லு நெனப்புக்கு வந்துச்சு. நல்லா ஓடியாடற எலி, அதுக்குப் போயி இம்மாம் மருந்து. நாலாம் நாளு, நாலாங் கூண்டு ஒத்தக்கோடு மூலையில முதுகத் தூக்கிகினு உக்காந்திருந்துச்சு, மயிரெல்லாம் சிலுத்துப் போயி. அன்னிக்கு வூட்டுக்குப் போனா என் பொண்ணுக்கு நெருப்பா காய்ச்சல். அவதான் இப்ப எழுதறாளே இவளோட அம்மா. எனக்கு வேற எதுவும் தோணல. நோவு வூட்டத் தேடிகினு வந்துடுச்சுன்னுதான் தோணுச்சு.

அஞ்சாம் நாள்லேர்ந்து நாலாங் கூண்டுக்குத் தண்ணிதான் குடுத்தேன். மருந்த அளந்து எடுத்து சாக்கடையில வுட்டுட்டு, அதே ஊசியில தண்ணி. மத்த கூண்டுக்கு மருந்தே குடுத்தேன், அது கம்மிதானேன்னு மனசுக்கு சமாதானம் சொல்லிக்கினு. நோட்டுல டிக்கு போட்டேன். என் வாழ்நாள்ல நான் எழுதின எழுத்து அது ஒன்னுதான், அதுவும் பொய்யி. பொண்ணுக்குக் காய்ச்சல் வுட்டுடுச்சு. ஒத்தக்கோடும் தெளிஞ்சு ஓட ஆரம்பிச்சுது. நான் செஞ்சது சரின்னு ரெண்டும் சேந்து எனக்குச் சொல்லிடுச்சு.

மாசம் முடிஞ்சு எலிங்கள அறுத்துப் பாத்தாங்க. நாலாங் கூண்டு ஈரலெல்லாம் செவசெவன்னு பளபளன்னு இருந்துச்சு. மேடம் மிச்சரும் மைசூர்பாகும் வாங்கியாந்து, மைசூர்பாக எங்களுக்குக் குடுத்துட்டு மிச்சர மட்டும் கொறிச்சாங்க. "அண்ணே, நாலாங் கூண்டு பாஸு!"ன்னாங்க. நான் தலையாட்டினேன்.

அடுத்த நாளு காலையில ஒரு சின்ன பாட்டில்லேர்ந்து கறுப்பா எதையோ டம்ளர்ல ஊத்திக் கலக்கிக் குடிச்சாங்க. எனக்கு வாசனையிலேயே தெரிஞ்சு போச்சு. "இன்னா மேடம் இது"ன்னேன். "ஒடம்பு எடைக்குக் கணக்குப் பாத்தா எலிக்குக் குடுத்ததுல கால் பங்குகூட இல்ல அண்ணே. அதுக்கே ஒன்னும் ஆவல, எனக்கு இன்னா ஆவப் போவுது? யாருகிட்டயும் சொல்லாதீங்க, திட்டுவாங்க"ன்னாங்க. மனுசங்களுக்குக் குடுக்கறதுக்கு இன்னும் எவ்வளவோ சோதனை பாக்கி இருக்குதுன்னு அவங்களுக்கே தெரியும். அம்மா கால நெனச்சிகினு இருந்தாங்களோ என்னவோ.

அப்பவே சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயம். அதவிட, என் மேல வெச்ச நம்பிக்கை போயிடுமேன்னு பயம். எங்க மலையில குடிக்கறாங்களே, ஒன்னும் ஆவாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். மலையில குடிக்கறது மூனு தழைன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். மூனு வாரம் இப்படியே போச்சு. தெனம் அவங்க டம்ளரக் கழுவி கவுத்து வெக்கறதும் நான்தான்.

அப்பால அவங்க சரியா சாப்புடறது இல்ல. தயிர் சோத்த என் பக்கம் தள்ளிடுவாங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குதுன்னு. ஒரு நாளு காலையில கொட்டாவுல மிச்சமிருந்த ஒரு எலியத் தூக்கி மொகத்துக்கு நேரா வெச்சு கண்ணப் பாத்தாங்க. நான் அவங்க கண்ணப் பாத்தேன். அந்த வெள்ள எலிக்குப் பக்கத்துல அவங்க கண்ணு மஞ்சக் கெழங்க ஒரசினாப்பல இருந்துச்சு.

"மேடம், அதக் குடிக்காதீங்க"ன்னேன். "எத?"ன்னாங்க. "நாலாங் கூண்டு மருந்து குடிக்கல மேடம். தண்ணிதான் குடிச்சுது."

எலியக் கூண்டுல வுட்டு கதவச் சாத்தினாங்க. "எத்தனாவது நாள்லேர்ந்து?"ன்னாங்க. அஞ்சுன்னேன். நோட்ட எடுத்து செவப்புப் பேனாவால என் டிக்கு ஒவ்வொன்னா அடிச்சாங்க. கத்துவாங்கன்னு பாத்தேன், கத்தல. எல்லாத்தையும் அடிச்சி முடிக்கற வரைக்கும் நின்னுகினு இருந்தேன். கடைசி டிக்கையும் அடிச்சிட்டு நிமிர்ந்தாங்க.

"எலிக்குப் பாவம் பாத்தீங்க. எனக்குப் பாக்கலியே அண்ணே"ன்னாங்க.

அன்னிக்கே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பொறப்பட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையத் தூக்கிகினு போனேன். அவங்க அம்மாவுக்குக் காலு எடுத்தப்போ கூட இருந்து பாத்துக்கின ஒரு பொம்பள தொணைக்கு வந்தாங்க. ஜன்னல் ஓரம் உக்காந்துட்டு மேடம் என்னக் கூப்புட்டு, "என் பேரச் சொல்லிப் பறிச்சிருந்தா ஒன்னும் ஆயிருக்காதா அண்ணே?"ன்னு கேட்டாங்க. சிரிச்சிகினுதான் கேட்டாங்க. பதில் சொல்றதுக்குள்ள பஸ்ஸு எடுத்துட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சு வந்தாங்க, பாதி ஆளா. வேற யாராவதா இருந்தா என்ன வெரட்டியிருப்பாங்க. மேடம் புது எலி வாங்கி, நாலு கூண்டு வெச்சு, ஊசிய என் கையிலயே குடுத்தாங்க. பக்கத்துல நின்னு பாக்கக்கூட இல்ல. இந்த வாட்டி ஒரு சொட்டு கொறைக்காம குடுத்தேன். என் கையில தூங்கின எலிங்க. மாசம் முடியறதுக்குள்ள நாலாங் கூண்டுல ரெண்டு செத்துச்சு. மத்ததுங்க ஈரலு சுட்ட கத்திரிக்கா மாதிரி சுருங்கிக் கருத்து கெடந்துச்சு. மேடம் எல்லாத்தையும் எழுதினாங்க. நான் ஏமாத்தினதையும் எழுதினாங்களாம், என் பேரு போடாம. அதோட அந்தக் கொடி வேலைய மூடிட்டாங்க.

அடுத்த வருசம் வேற ஊரு காலேஜுக்குப் போயிட்டாங்க. போற அன்னிக்கு மேசைய ஒழிச்சிகினு இருந்தவங்க, இந்த ஊசிய எடுத்து, "நீங்களே வெச்சுக்குங்க"ன்னு குடுத்தாங்க. எதுக்குன்னு சொல்லல. கை நல்ல கைன்னு குடுத்தாங்களா, நெனப்பு இருக்கட்டும்னு குடுத்தாங்களா, இத்தினி வருசமா கேட்டுகினு இருக்கறேன். சில வருசம் கழிச்சு பாய்தான் சொன்னாரு, மேடம் தவறிட்டாங்கன்னு. சக்கரையில போனாங்கன்னு ஒருத்தரு சொன்னாராம், ஈரலுன்னு இன்னொருத்தரு. எதுன்னு தெரிஞ்சா ராத்திரி பொரளாம ஒரு பக்கமா படுத்துத் தூங்குவேன். தெரியல.

இப்ப எனக்கும் சக்கரை. சர்க்காரு ஆஸ்பத்திரி மாத்திரை போடறேன். மலைக்கே திரும்பி வந்து ரொம்ப வருசம் ஆவுது. கீழேர்ந்து ஜீப்புல ஆளுங்க வர்றாங்க, போன்ல எதையோ பாத்துட்டு. "பெரியவரே, சக்கரைக்கு ஒரு கொடி இருக்குதாமே, பச்சத் தழைதானே, இன்னா பண்ணிடப் போவுது?"ன்றாங்க. நான் பாக்கு டப்பாவத் தொறந்து ஊசியக் காட்டி, எலிங்க கதையச் சொல்றேன். பாதிப் பேரு கேட்டுட்டுப் போயிடறாங்க. மீதிப் பேரு, "கெழவன் வெல ஏத்தப் பாக்கறான்"னு சிரிச்சிகினு போறாங்க.

அந்தக் கொடி எங்க ஓடைக்கு மேல இன்னமும் படந்துதான் இருக்குது. என் சக்கரைக்கு மூனு தழை எடுத்தா இன்னான்னு ரெண்டு வாட்டி போனேன். கை வெக்கறதுக்கு மின்ன பேரு சொல்லணுமில்ல. என் பேரச் சொல்லலாம்னு வாயத் தொறந்தா மேடம் பேருதான் வருது. கைய எடுத்துகினு வூட்டுக்கு வந்துடறேன். வந்து, ஊசியத் தொடச்சி திரும்ப டப்பாவுல வெக்கறேன்.